மூலைச் சிப்பாய்

நான் சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் டீயைக் குடித்துக் கிளாஸை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், ஆனால் பாதியில் எழுந்து 'அதெப்படி' என்று மட்டும் கேட்காதீர்கள், ஏனென்றால் கோரைத்துறையில் அந்த நாற்பது நாளில் ஒருத்தர்கூட அதெப்படி என்று கேட்கவில்லை, எல்லோரும் கேட்டது 'இனிமே என்ன' என்பதைத்தான். ஏழு வருசத்துக்கு முன் வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத சந்தியாகு, ஒரு வியாழக்கிழமை காலையில், எங்கள் வாசகசாலையின் மூலை மேசையில், போன அன்றைக்குப் போட்டிருந்த அதே கட்டம் போட்ட ஊதாச் சட்டையோடு, தலையில் ஒரு நரைகூட இல்லாமல், சதுரங்கப் பலகைக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். முதலில் பார்த்தவள் நான்தான். கூட்டுவதற்காகக் கதவைத் திறந்தேன். "மதலேன் அக்கா, ஒரு டீ, சீனி தூக்கலா" என்றான். போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஏழு வருசம் கழித்து வந்தவன் டீ கேட்டால் முதலில் டீயைத்தான் கொடுக்க வேண்டும்.

என் டீக்கடை வாசகசாலையோடு சுவருக்குச் சுவர் ஒட்டியது. இருபது வருசமாக உள்ளே டீ கொண்டுபோய்க் கொடுப்பதும், கிளாஸ் பொறுக்குவதும், காலையில் கூட்டித் தள்ளுவதும் நான்தான், அதனால் அந்த ஆட்டம் எனக்கும் தெரியும். ஆடத் தெரியாது, பார்க்கத் தெரியும். எங்கள் ஊர் ஆம்பிளைகள் சதுரங்கம் ஆடுவது மற்ற ஊர் மாதிரி இல்லை. காற்று திரும்பிவிட்டது என்று கரையில் ஒரு சத்தம் கேட்டால் போதும், ஆடிக்கொண்டிருக்கிற ரெண்டு பேரும் காய்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கடலுக்குப் போனவன் ஆட்டத்தைக் கலைப்பது பாவம் என்று, அடுத்து வருகிற ரெண்டு பேர் அதே பலகையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். புதிதாக உட்காருகிறவனுக்கு இது யார் முறை, கடைசியாக நகர்ந்த காய் எது, எப்படித் தெரியும்? அதற்காகவே 'வந்த வழி பார்ப்பது' என்று ஒரு கணக்கு எங்கள் ஊரில் உண்டாயிற்று. இந்தக் குதிரை எந்தக் கட்டத்திலிருந்து இங்கே தாவியிருக்கும், இந்தச் சிப்பாய் யாரை வெட்டிவிட்டுக் குறுக்கே ஏறினான், இந்த மந்திரிக்கு வெளியே வரக் கதவு எப்போது திறந்தது என்று மணிக்கணக்காக வாய்மூடி யோசிப்பார்கள். இனி என்ன ஆடலாம் என்று யோசித்ததைவிட முன்னால் என்னதான் நடந்திருக்க முடியும் என்று யோசித்தே எங்கள் ஆட்களுக்கு ஆயுசு கழிந்தது. வீட்டில் உலையில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் ஒருநாளும் யோசித்தது கிடையாது.

இதில் பெரிய வழக்கெல்லாம் ராஜாவைப் பற்றித்தான் வரும். ராஜா தன் கட்டத்தை விட்டு அசையவே இல்லை, மூலையில் நிற்கிற யானையும் அசையவில்லை என்றால், ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, ராஜா ரெண்டு கட்டம் தாண்டி ஒதுங்கி யானையைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கோட்டை கட்டுவது என்று பெயர். ஒரே ஒரு கட்டம் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாலும் அந்த உரிமை போயிற்று. ஆனால் போய்த் திரும்பிய ராஜாவுக்கும் போகாத ராஜாவுக்கும் பார்வைக்கு என்ன வித்தியாசம், நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இதற்காக அடிதடி வரைக்கும் போய், கடைசியில் வாசகசாலைச் செயலாளர் அலங்காரம் நீலப் பெயிண்டால் சுவரில் எழுதிவைத்தார்: 'நகர்ந்ததற்குச் சாட்சி இல்லாத ராஜா நகராத ராஜா.' சாட்சி என்றால் மனுசன் இல்லை, பலகையில் நிற்கிற மற்ற காய்கள். எதிராளி சொல்வது செல்லாது. தோற்கப்போகிறவன் பெற்றவள் தலையில் அடித்துக்கூடப் பொய் சொல்லுவான்.

அந்த வள்ளத்தில் போனது ஆறு பேர். சந்தியாகு ஒருத்தன், என் வீட்டுக்காரர் கபிரியேல் ஒருத்தர், இன்னும் நாலு பேர். ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. உடல் இல்லை என்பதால் அடக்கப் பூசையும் இல்லை. நாங்கள் ஆறு பெண்களும் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், கேட்பவர்களுக்கு ஒரு பதிலும் கேட்காதவர்களுக்கு ஒரு முகமுமாக ஏழு வருசம் ஓட்டினோம். அன்றைக்குச் சந்தியாகும் அலங்காரமும் ஆடிக்கொண்டிருந்த பலகையை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. அலங்காரம் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து அதை மூடிவைத்தார், தூசி தட்டும்போது மட்டும் கூடையைத் தூக்குவோம், அதிலே எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

அந்த வியாழக்கிழமை கூடை தரையில் கிடந்தது. பத்து மணிக்குள் வாசகசாலை நிரம்பி, ஜன்னல் கம்பியிலெல்லாம் ஆள் தொங்கியது. அலங்காரம் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ரொம்ப நேரம் யோசிச்சிட்டேன் போலிருக்கு, வந்த வழியே மறந்துபோச்சு," என்றான் சந்தியாகு. "இந்த இடப்பக்கம் கோட்டை கட்டினா தப்பிச்சேன். ஆனா என் ராஜா முன்ன நகர்ந்தானா இல்லியா?"

"எதிராளிகிட்ட கேக்கக் கூடாதுல்லா," என்றார் அலங்காரம்.

"அதுவும் சரிதான். நகர்ந்திருந்தா ஆட்டம் முடிஞ்சுது. எந்திரிச்சுப் போயிற வேண்டியதுதான்."

எந்திரிச்சுப் போயிற வேண்டியதுதான் என்று அவன் சொன்னதும் நான் மேசையை ஒட்டி வந்து நின்றேன். ஏனென்றால் அவன் ராஜா நகர்ந்திருந்தான், அது எனக்குத் தெரியும், அந்த அறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும், பலகையைப் பார்த்தாலே தெரியும். ராஜாவுக்கு வலப்பக்க மூலை காலி. அந்த மூலையில் நிற்க வேண்டிய யானை பலகையின் நடுவில் நிற்கிறது. யானை நேராகத்தான் போகும், எதையும் தாண்டிக் குதிக்காது. அந்த மூலைப் பக்கம் முன்வரிசையில் மூன்று சிப்பாய்கள் ஆடாமல் அசையாமல் வரிசைக்கு நிற்கிறார்கள். அப்படியென்றால் அது முன்பக்கமாக வரவே முடியாது, பக்கவாட்டில், ராஜா நிற்கிற கட்டத்தின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ராஜா ஒதுங்கி வழிவிட்டுவிட்டுப் பிறகு தன் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். இது வந்த வழிக் கணக்கில் அரிச்சுவடி.

சந்தியாகு கணக்குப் போடும்போது கண்ணை மூடிக்கொள்வான், அது அவன் வழக்கம். மூடினான். அவன் வாய் 'ராஜா, அப்புறம் யானை' என்று முணுமுணுத்தது. நான் டீக் கிளாஸை எடுக்கக் குனிந்தவள், அந்த மூன்றில் மூலைச் சிப்பாயைக் கிளாஸுக்குள் போட்டேன். அடியில் கொஞ்சம் டீ மிச்சம் இருந்ததால் சத்தம் வரவில்லை. நிமிர்ந்தபோது அலங்காரம் என்னைப் பார்த்தார். ஜன்னலில் தொங்கியவர்கள் பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் ஒரு ஊரே சேர்ந்து இலையைச் சுற்றி உட்கார்ந்து மறைத்தோம். சந்தியாகு கண்ணைத் திறந்து, "மூலையில சிப்பாய் இல்ல, அந்த வழியா யானை வெளிய வந்திருக்கலாம், அப்ப ராஜாவுக்கு எதிரா சாட்சி இல்ல" என்றான். அப்புறம், "ஆனா இந்தச் சிப்பாய எவன் வெட்டினான், வெட்டுப்பட்டவன் எங்க?" என்று வெட்டுப்பட்ட காய்களைப் புரட்டினான். "தொலைஞ்சிருக்கும் வே, ஏழு..." என்று ஆரம்பித்த ஒருத்தன் தொடையில் பக்கத்தில் நின்றவன் கிள்ளினான்.

சந்தியாகு எழுந்திருக்கவில்லை. சிப்பாய் விசயம் தெளியாமல் காயைத் தொட மாட்டேன் என்று அங்கேயே இருந்தான். ஒழுங்கானவன், கள்ள ஆட்டம் ஆடாதவன். பகலும் இரவும் அந்த நாற்காலியிலேயே இருந்தான், தாடி வளரவில்லை.

யார் முதலில் சொன்னது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது: சந்தியாகு கடலுக்குப் போகவே இல்லை, போனதற்குச் சாட்சி இல்லை, அவன் போகவில்லை என்றால் அந்த வள்ளம் போகவில்லை, வள்ளம் போகவில்லை என்றால் மற்ற அஞ்சு பேரும் எங்கேயோ இப்படித்தான் எதையோ யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் கோட்டை கட்டிய நிமிசத்தில் அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கேட்டீர்களா? இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான ரோசாள் தன் புருசன் படத்திலிருந்து மாலையைக் கழற்றி அடுப்பில் போட்டாள். இன்னொருத்தி தன் வீட்டுக்காரர் வலையை விற்றவள், வாங்கியவன் வாசலில் போய் நின்று அதைத் திருப்பிக் கேட்டு அழுதாள். நான் கபிரியேலின் ரெண்டு சட்டையை எடுத்து உப்பு வாடை போக மூன்று தரம் அலசிக் கொடியில் போட்டேன், அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை வாங்கிப் பானையில் வைத்தேன். தாலுகா ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து சந்தியாகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'விசாரணையில் உள்ளது' என்று எழுதி, என் கடையில் ரெண்டு வடை தின்றுவிட்டுப் போனார். சிப்பாய் என் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடந்தது. அதைத் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் நான் தூங்கவில்லை.

இதில் யாருக்கும் ஞாபகம் வராத ஒருத்தி இருந்தாள், சந்தியாகின் பெண்டாட்டி கித்தேரி. கலியாணமாகி எட்டே மாசத்தில் புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். ரெண்டு வருசம் கழித்து ஐஸ் கம்பெனியில் மெசின் பார்க்கிற தவசி என்கிற விளாத்திகுளத்துக்காரனோடு குடும்பம் நடத்தினாள். ஊர் பேசிற்று, ஆயிரம் வாயை மூட உலைமூடி ஏது. அப்புறம் பேசி அலுத்துவிட்டது. ஏனென்றால் அவன் நல்லவன், குடிக்க மாட்டான், அவள்மேல் கைநீட்ட மாட்டான். எங்கள் கோயில் பங்குச்சாமி, ஏழு வருசம் முடிந்தால் போனவன் இறந்தவன் கணக்கு, அது முடியட்டும், அப்புறம் மந்திரித்துத் தாலி கட்டிவைக்கிறேன் என்று சொல்லியிருந்தார், அதற்கு இன்னும் ரெண்டு மாசம்தான் பாக்கி. அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை, சலேத்து, நாலு வயது. அவள் பிறந்த அன்றைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான்.

அந்த முதல் வியாழக்கிழமை கித்தேரி வாசகசாலை வாசலில் வந்து நின்றபோது, சந்தியாகு நிமிர்ந்து பார்த்து, "கித்தேரி, மத்தியானம் என்ன கொழம்பு?" என்று கேட்டான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு "சாளை" என்றாள், வீட்டுக்குப் போய்ச் சாளை வாங்கிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், அன்றிலிருந்து நாற்பது நாளும் கொடுத்தாள். தவசியை ஊரார் கூப்பிட்டுக் கொஞ்ச நாள் ஐஸ் கம்பெனியிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். "படுத்துக்கிடுதேன்," என்றான் அவன், "புள்ளைய மட்டும் பாத்துக்கோங்க."

பிள்ளையைத்தான் பார்க்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் அலங்காரம் சொன்னார், "சந்தியாகு போகவே இல்லைன்னு வச்சிக்கிட்டா, கித்தேரி இன்னொருத்தன்கூட இருந்தது எப்படி? இருக்கல. இருக்கலைன்னா..." அதற்குமேல் அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை, ஆனால் அந்த வாக்கியத்தை ஆளுக்கு ஆள் வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துக்கொண்டார்கள். பால்வாடி ரிஜிஸ்தரில் சலேத்து பெயருக்குமேல் ஒரு கோடு விழுந்தது. ஆயா முட்டையை எண்ணி வைக்கும்போது அவளை விட்டுவிட்டு எண்ணினாள். விளையாட்டில் பிள்ளைகள் அவளைத் தொட்டால் தொட்டதாகக் கணக்கில்லை என்றார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் எதிரே வந்தால் பேச்சை நிறுத்தாமல் விலகிப் போனார்கள், அவ்வளவுதான். சந்தியாகு காதில் மட்டும் அவள் பெயர் விழுந்துவிடக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தார்கள். நானும்தான். என் கடைக்கு வந்து நின்றால் நான் பாய்லரைத் துடைக்கத் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கித்தேரி வந்தாள்.

"அக்கா, அந்தச் சிப்பாயக் குடுங்க."

"எந்தச் சிப்பாய்?"

"நீங்க எடுத்தத ஊரே பாத்துச்சு. அத வச்சிட்டா அவரு கணக்குப் போட்டுருவாரு. நான் சொன்னா அவரு நம்ப மாட்டேங்காரு. பொம்பள சொல்லு சாட்சி இல்லியாம், மனுசன் சொல்லே சாட்சி இல்லியாம், காய்தான் சாட்சியாம்."

"குடுத்தா எந்திரிச்சுப் போயிருவான்ட்டி."

"போகட்டும்," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் அவர வெறுக்கல அக்கா. தட்டுல சோறு போடுதப்போ அந்த எட்டு மாசமும் ஞாபகம் வருது. ஆனா எம்புள்ளைய இல்லேங்கீயளே."

அப்போது நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கும். "ஒனக்கு ஒருத்தன் போனா இன்னொருத்தன் வந்தான். எனக்கு யாருட்டி வந்தா? போ, போயி ஒம் புருசனுக்குக் கொழம்பு வை," என்றேன். கித்தேரி அழவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தோணியார் திருநாள் வந்தது. சந்தியாகே ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: செவ்வாய்க்கிழமை சப்பரம் வாசகசாலை வாசலுக்கு வருகிறவரை பார்ப்பேன், அதற்குள் வேறு சாட்சி வரவில்லை என்றால் சுவரில் எழுதியிருக்கிறபடி என் ராஜா நகராதவன், கோட்டை கட்டிவிடுவேன் என்றான். அப்படிக் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சாட்சி வந்தும் பிரயோசனமில்லை, ஆடின ஆட்டம் ஆடினதுதான். ஊரில் அஞ்சு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பங்குச்சாமியிடம் போய், ஞானஸ்நான ஏட்டில் சலேத்து பெயர் இருக்கிற ஒரு பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அலங்காரம் மெதுவாக ஆரம்பித்திருக்கிறார். சாமி, திருநாள் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார். முடியாது என்று சொல்லவில்லை, பாருங்கள்.

திங்கட்கிழமை மூன்று மணி இருக்கும். சலேத்து கடை முன்னால் வந்து நின்றாள். நான் பாய்லரைத் துடைத்தேன். துடைத்து முடித்தும் நின்றாள். கிளாஸைக் கழுவினேன், கழுவின கிளாஸை மறுபடி கழுவினேன், அப்போதும் நின்றாள்.

"பெரியம்மா, நான் எப்பப் பொறப்பேன்?"

கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. "என்னது?"

"ஆயா சொன்னா. சந்தியாகு மாமா போகவே இல்லியாம். அதனால நான் இன்னும் பொறக்கலியாம். எப்பப் பொறப்பேன்? பொறந்தப்புறம் முட்டை குடுப்பாங்களா?"

அவள் அழுதுகொண்டு கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குக் காலிலிருந்து தலைவரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது, ஆயாமேலா, அலங்காரத்துமேலா, என்மேலா என்று தெரியாத கோபம். கீழே உட்கார்ந்து கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினேன், விரலில் குத்தி ரத்தம் வந்தது. "நாளைக்கி," என்றேன். "நாளைக்கிப் பொறந்துருவ." சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சப்பரம் தெருமுனை திரும்பிவிட்டது, பேண்டு சத்தம் காதைப் பிளந்தது. வாசகசாலைக்குள் எள் போட்டால் எள் விழாது. எங்கள் அஞ்சு பேரையும் முன்னால் நிறுத்தியிருந்தார்கள், ரோசாள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கித்தேரி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், அவளைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் விட்டிருந்தார்கள். சந்தியாகு ராஜாமேல் விரல் வைத்தான். கடைசி ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணை மூடினான்.

நான் சுருக்குப்பையை அவிழ்த்தேன். ரோசாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "மதலேன், வேண்டாம்ட்டி. ஒன் கால்ல விழுதேன். ஒரு நிமிசந்தான், எல்லாரும் வந்துருவாவ." அவள் நகம் என் தோலில் இறங்கியது. கபிரியேல் கொடியில் காய்கிற சட்டையை எடுத்துத் தலைவழியாகப் போடுவது என் கண்முன்னால் தெரிந்தது, ஆமாம், தெரிந்தது, நான் பொய் சொல்லவில்லை. அவள் கையை உதறிவிட்டு, வெற்றிலைக் காவி ஏறிய அந்தச் சிப்பாயை அதன் கட்டத்தில் வைத்தேன்.

சந்தியாகு கண்ணைத் திறந்தான். விரலை ராஜாவிலிருந்து எடுத்தான்.

"இவன் எங்க இருந்தான்?"

"எங்கிட்ட. நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு அக்கா?"

"நீ எந்திரிச்சுப் போயிருவேன்னு."

அவன் கோபப்படவில்லை. வாய்விட்டுக் கணக்குப் போட்டான். "சிப்பாய் எட்டும் பலகையிலயே இருக்கு, ஒருத்தனும் எட்டாங்கட்டம் போயி யானையா மாறல. அப்ப இது மூலை யானைதான். மூணு சிப்பாயும் அசையல. முன்னால வழியில்ல." விரல் யானையிலிருந்து பின்னோக்கி நகர்ந்து, ராஜாவின் கட்டத்தைத் தொட்டு, மூலைக்குப் போயிற்று. "ராஜா வழி விட்டிருக்கான். போயிட்டுத்தான் வந்திருக்கான்." பேண்டு நின்றிருந்தது. சந்தியாகு தன் ரெண்டு கையையும் திருப்பிப் பார்த்தான். "அப்ப நானும் போயிருக்கேன்," என்றான்.

அப்புறம்தான் வாசலில் பார்த்தான். "கித்தேரி, இது யாரு புள்ள?"

நாற்பது நாள் பழக்கம், அத்தனை பேரும் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்கள். "எம் மவ," என்றாள் கித்தேரி.

"பேரு என்ன?" என்று பிள்ளையையே கேட்டான்.

"சலேத்து."

"வயசு?"

"நாலு."

விரல்விட்டு எண்ணினான். அவனுக்கு அதிகநேரம் ஆகவில்லை. "அவரு நல்லா வச்சிருக்காரா?" என்று கித்தேரியிடம் கேட்டான். "வச்சிருக்காரு," என்றாள் அவள், சொல்லும்போதே உடைந்துபோய் அழுதாள், நாற்பது நாளில் முதல் தடவையாக அழுதாள். "அழாத. கொழம்பு நல்லா இருந்துச்சு, எல்லா நாளும்," என்றான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, கால் மரத்துப்போனவன் மாதிரி கொஞ்சம் தள்ளாடி நின்றான்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப ஞாபகம் வருதா? எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு? எதாவது சொன்னாரா?"

சந்தியாகு நின்றான். பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் அவனிடம் உள்ள குறை.

"தண்ணி கேட்டாரு, அக்கா. கடல்ல மெதந்த ரெண்டு நாளும் அதத்தான் கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல."

பிறகு என் கையை எடுத்துவிட்டுவிட்டு, கும்பலுக்குள் வழி கேட்டு வழி கேட்டு, சப்பரத்தைச் சுற்றிக்கொண்டு கரைப்பக்கமாகப் போனான். யாரும் பின்னால் போகவில்லை. ரோசாள் என் முகத்தில் காறித் துப்பினாள். நான் துடைக்கவில்லை. அவள் இன்றைக்கு வரைக்கும் என் கடைப் பக்கம் வந்ததில்லை, கித்தேரியும் வந்ததில்லை. ரெண்டு பேர் செய்வதும் நியாயம்தான். சலேத்து மட்டும் மறுநாள் காலையிலேயே வந்து நின்று, பால்வாடியில் முட்டை கொடுத்தார்கள், மஞ்சள் கரு பச்சையாக இருந்தது என்று குறை சொன்னாள்.

அடுத்த வாரம் அலங்காரம் குனிந்த தலையோடு போய்ப் பங்குச்சாமியைப் பார்த்து, ஆறு பேருக்கும் அடக்கப் பூசை வைத்துவிடலாம் என்றார். இறந்தவர் ஏட்டில் எழுதுவதற்காகச் சாமி எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். ரோசாள் உட்பட எல்லோரும் வள்ளம் போன தேதியைச் சொன்னார்கள், ஏழு வருசத்துக்கு முந்திய தேதி. கித்தேரியும் அதையே சொன்னாள். என் முறை வந்தது. கபிரியேல், தகப்பன் பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டுச் சாமி பேனாவோடு நிமிர்ந்தார்.

"எறந்த தேதி?"

"போன செவ்வாக்கெழம," என்றேன்.

"என்னம்மா இது, கடலுக்குப் போயி ஏழு வருசமாச்சே. எல்லாரும் அந்தத் தேதிதான குடுத்திருக்காவ."

"அவங்க வீட்டுக்காரங்க அன்னைக்கிப் போனாவ, சாமி. எங்க வீட்டுக்காரரு போன செவ்வாக்கெழம சாயங்காலம் வரைக்கும் உசுரோட இருந்தாரு. சட்டை கூட அலசிப் போட்டிருந்தேன். அந்தச் சிப்பாய வச்சு நான்தான் அவரக் கொன்னுட்டேன். அதையே எழுதிக்கோங்க."

சாமி குனிந்து, நான் சொன்ன தேதியை எழுதினார்.